புள்ளியாய்ப் போன பருந்து

வட சென்னையின் கல்மண்டபத்தில் மொட்டை மாடி உள்ள எந்த வீட்டிலும் இந்த ஏமாற்றம் ஒருமுறையாவது நடந்திருக்கும். துணி காயப்போட மேலே ஏறுகிறோம். தலைக்கு மேலே ஒரு பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமடிக்கிறது. வாலின் நடுவிலுள்ள பிளவு தெரிகிறது, இறக்கை நுனியில் சிறகுகள் விரல் விரலாகப் பிரிந்து நிற்பது தெரிகிறது, தலையைத் திருப்பிக் கீழே நோட்டம் விடுவதுகூடத் தெரிகிற மாதிரி இருக்கிறது. செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறோம். வெளிறிய வானம், நடுவில் ஒரு கரும்புள்ளி. அது பருந்து என்று நாம் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும். காக்கா என்று சொன்னாலும் நம்பிவிடுவார்.

பௌர்ணமி நிலாவைப் படம் பிடித்தவர்களுக்கும் இது புதிதில்லை. கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது படத்தில் எங்கே போயிற்று?

'போன் மட்டமான போன்' என்பது வழக்கமான பதில். அது பாதிப் பதில்கூட ஆகாது. பத்து லட்ச ரூபாய் லென்ஸோடு மலைக்காட்டுக்குப் போகிறவர்களும் இதே புள்ளியோடு திரும்பி வருவதுண்டு. வேட்டைப் பறவையைப் படத்தில் சிறைபிடிப்பதற்குக் குறுக்கே நான்கு தடைகள் நிற்கின்றன: தொலைவு, காற்று, ஒளி, வேகம். நான்கையும் ஒரே பறவையை வைத்தே பார்த்துவிடலாம். அதற்கு ராயபுரத்தைத் தாண்டிப் போக வேண்டியதுமில்லை.

நிலாவைவிடப் பெரிய பறவை

வட சென்னை வானத்தில் நாள் முழுக்கச் சுற்றுவது பெரும்பாலும் கரும்பருந்து. பெயரில்தான் கருமை, உடம்பு பழுப்பு. இறக்கையை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். நமது பருந்து 100 மீட்டர் உயரத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கண்ணிலிருந்து அதன் இரண்டு இறக்கை நுனிகளுக்கும் இரண்டு கோடுகள் இழுத்தால் நடுவே ஒரு கோணம் கிடைக்கும். அதைப் 'பார்வை அகலம்' என்று சொல்வோம். இந்தப் பருந்துக்கு அது 0.86 டிகிரி. முழுநிலாவின் பார்வை அகலம் அரை டிகிரிதான். ஆக, 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் பருந்து நம் கண்ணுக்கு நிலாவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அகலமாகத் தெரிகிறது. நாம் அதை நன்றாகப் பார்த்தோம் என்பதில் மிகையில்லை.

இப்போது போன். அதன் முதன்மை கேமரா பக்கவாட்டில் சுமார் 70 டிகிரி அகலத்தை ஒரே படத்தில் அள்ளுகிறது. கல்யாண மண்டபத்தில் சொந்தபந்தம் எல்லாரையும் ஒரே சட்டத்துக்குள் அடக்குவதற்காகச் செய்த கேமரா அது. அந்த 70 டிகிரி, 12 மெகாபிக்சல் படத்தில் 4,000 படப்புள்ளிகளாகப் பிரிகிறது. கணக்குப் போட்டால் நமது பருந்துக்குக் கிடைப்பது, இறக்கை முனை முதல் முனை வரை, 43 புள்ளிகள். ஒரு புள்ளி பறவையின் உடம்பில் மூன்றரை சென்டிமீட்டரை மூடுகிறது. தலைக்கு ஒன்றரைப் புள்ளி. கண்ணுக்கு அரைப் புள்ளிகூட இல்லை.

நல்ல பார்வையுள்ள மனிதக் கண் 100 மீட்டரில் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய அளவும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். புள்ளிக் கணக்கில் பார்த்தால் போன் நம் கண்ணுக்கு அதிகம் பின்தங்கிவிடவில்லை. பிறகு ஏன் இந்த ஏமாற்றம்? முதல் காரணம், பார்க்கும் திரை. 70 டிகிரி வானத்தை 15 சென்டிமீட்டர் திரையில் சுருக்கி வைத்து, ஓர் அடிக்குச் சற்று மேல் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறோம். திரையில் பருந்து ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அதன் பார்வை அகலம், நேரில் கண்டதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இரண்டாவது காரணம் நம் மூளை. மாடியில் நிற்கும்போது அது பருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி வானத்தைத் தள்ளிவிடுகிறது. பருந்து நகர நகர, நொடிக்குப் பலமுறை புதிதாகப் பார்த்து, கிடைத்த துண்டுகளை ஒட்டிப் படம் செய்கிறது. அந்த வேலை கேமராவுக்குத் தெரியாது. ஒரு கணம் பார்க்கிறது, கிடைத்ததோடு நிறுத்திக்கொள்கிறது.

பத்து லட்ச ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது

புள்ளிகளைக் கூட்ட நேரான வழி, கேமரா அள்ளும் வானத்தைக் குறைப்பது. அதைத்தான் தொலைநோக்கு லென்ஸ் செய்கிறது. லென்ஸின் மேல் 26, 200, 600 என்று எழுதியிருக்கும் மில்லிமீட்டர் எண்ணைக் 'குவிய நீளம்' என்பார்கள். எண் ஏற ஏற அள்ளும் வானம் குறையும், பறவை வளரும். இரண்டும் ஒரே விகிதத்தில்.

600 மில்லிமீட்டர் லென்ஸை, 6,000 புள்ளி அகலமுள்ள கேமராவில் மாட்டி நமது பருந்தைப் பார்த்தால் அது 1,500 புள்ளி அகலம். தலைக்கு 50 புள்ளி, கண்ணுக்கு 15. கண்ணில் விழும் வெளிச்சப் பொட்டு தெரியத் தொடங்கும் அளவு இது. பறவைப் படக்காரர்கள் அந்தப் பொட்டுக்காகவே உயிரை விடுவார்கள். அது இல்லாத பறவை பாடம் செய்து வைத்த பறவை மாதிரி இருக்கும்.

இவ்வளவு நீண்ட லென்ஸுக்குள் போதிய வெளிச்சம் புக வேண்டுமானால் வாயும் அகலமாக இருக்க வேண்டும். உயர்ரக 600 லென்ஸின் முகப்புக் கண்ணாடி 15 சென்டிமீட்டர் அகலம். அத்தனை பெரிய கண்ணாடியைக் குறையில்லாமல் கடைவது கடினம். விலை பத்து லட்சத்தைத் தாண்டுவதும், எடை மூன்று கிலோவை ஒட்டி நிற்பதும் அதனால்தான். இவ்வளவு செலவழித்தாலும் தொலைவு இரண்டு மடங்கானால் புள்ளி பாதியாகத்தான் ஆகும். அந்தக் கணக்கைப் பணம் கொடுத்து மாற்ற முடியாது.

காட்டுயிர்ப் படங்களுக்காகப் பேர் பெற்ற நம் மா. கிருஷ்ணன் (அ. மாதவையாவின் மகன், 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர்) கடைக் கேமராக்களில் திருப்தி அடையாமல் வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்று செய்துகொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. அதன் கனத்தைத் தானே கேலி செய்துகொண்ட பெயர். அவர் கடைசிவரை கருப்பு வெள்ளையிலேயே எடுத்தார். அந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் மெகாபிக்சல் எத்தனை என்று கேட்பதில்லை.

சிறந்த லென்ஸுக்கு முன்னால் கெட்ட லென்ஸ்

லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பறவைக்கும் அதற்கும் நடுவே இன்னொரு லென்ஸ் இருக்கிறது: காற்று.

சூடான தோசைக்கல்லுக்கு மேலே பின்னாலுள்ள சுவர் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட ஒளியைக் குறைவாக வளைக்கும். இரண்டும் கலந்து கொதிக்கும் இடத்தில் ஒளிக்கதிர் கோணல் மாணலாக வந்து சேர்கிறது. வெயிலில் காய்ந்த நிலத்துக்கு மேலும் அதே கதைதான். கண்ணுக்கு அந்த நெளிவு தெரியாமல் போகலாம். 600 லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும்.

எண்ணூர் கழிமுகத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் குளிர்காலத்தில் விராலடிப்பான் வரும். மீனை மட்டுமே நம்பி வாழும் வேட்டைப் பறவை அது. தண்ணீரில் நட்ட கம்பத்தில் உட்கார்ந்து, பிடித்த மீனைப் பொறுமையாகத் தின்னும். முந்நூறு மீட்டர் தள்ளிக் கரையில் நின்று, பகல் பன்னிரண்டு மணிக்கு, சேற்றுப் பரப்புக்கு மேலாக அதைக் குறிவைத்தால் கிடைப்பது தண்ணீரில் கரைந்த சாயம் போன்ற ஒரு படம். லென்ஸைக் குறை சொல்லிப் பழுது பார்க்கும் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. கடைக்காரர் ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுப்பார். அவர் சொல்வது உண்மை.

அதே லென்ஸை மேல்நோக்கித் திருப்பினால் படம் கூராக வரும். நெளிவு மிகுதியாக இருப்பது தரையை ஒட்டிய அடுக்கில். மேலே பார்க்கும்போது அந்த அடுக்கைச் சட்டென்று கடந்துவிடுகிறோம். கிடைமட்டமாகப் பார்க்கும்போது வழி முழுக்க அதற்குள்ளேயே போகிறோம். கிடைமட்டப் படங்களை விடியலில் எடுத்து முடித்துவிட வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அச்சத் தொலைவு

நான்கு தடைகளிலும் தலையாயது தொலைவு என்றால், அந்தத் தொலைவைத் தீர்மானிப்பது யார்? படக்காரர் இல்லை. பறவை.

ஒவ்வொரு பறவைக்கும் ஓர் எல்லை உண்டு. மனிதன் அதைத் தாண்டி நெருங்கினால் எழுந்து பறந்துவிடும். அதை 'அச்சத் தொலைவு' என்று வைத்துக்கொள்வோம். இது இனத்துக்கு இனம் மாறும், ஒரே இனத்துக்குள் ஊருக்கு ஊரும் மாறும். மனிதனால் அடிபட்ட இடத்தில் நீளும். மனிதன் கண்டுகொள்ளாத இடத்தில் சுருங்கும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் காலத்தில் நிலைமை இன்னும் சிக்கல். பெற்றோர் எழுந்து போய்விட்டால் முட்டை குளிர்ந்துவிடும், இல்லையென்றால் வெயிலில் வெந்துவிடும். அமெரிக்க அரசு 2007-ல் வெண்தலைக் கழுகுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், கூடு கட்டும் பருவத்தில் நடந்து வருகிறவர்கள்கூட 330 அடி, அதாவது நூறு மீட்டர், தள்ளியே நிற்க வேண்டும் என்கிறது. நமது கணக்கில் வந்த அதே நூறு மீட்டர்.

நீலகிரிக்கு வடக்கே மாயாறு பள்ளத்தாக்கில் ஆற்றங்கரை நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. தமிழ்நாட்டில் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகளின் கடைசிப் புகலிடம் அந்தப் பக்கம்தான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்க அவற்றை அழித்த பிறகு, 2006-ல் அந்தக் கால்நடை மருந்துக்குத் தடை வந்தது. அங்கே நினைத்தவர் நினைத்தபடி உள்ளே போக முடியாது. சரணாலயத்துக்குள் படமெடுக்கவே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதியோடு போய் முந்நூறு மீட்டரில் நின்று, 600 லென்ஸில், உட்கார்ந்திருக்கும் பாறுக் கழுகைப் படம் பிடித்தால் பறவையின் உயரம் 270 புள்ளியை எட்டாது. அந்தப் பள்ளத்தாக்கில் பகல் பத்து மணிக்குமேல் காற்றும் நெளியத் தொடங்கிவிடும்.

இந்த எல்லையை ஏமாற்றிக் கடக்கத்தான் மறைவிடம் கட்டும் கலை பிறந்தது. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பொம்மைக் காளை மாடு ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு ஒளிந்து பறவைகளைப் படம் எடுத்தார்கள். அதே நாட்டின் எரிக் ஹாஸ்கிங் 1937-ல் ஓர் ஆந்தையின் கூட்டருகே இருந்த தன் மறைவிடத்துக்கு இரவில் திரும்பியபோது, தாய் ஆந்தை பாய்ந்து அவருடைய இடக் கண்ணைப் பறித்துவிட்டது. மீதி ஒற்றைக் கண்ணோடு உலகின் முன்னணிப் பறவைப் படக்காரராகத் தொடர்ந்தார். அவர் மனவலிமையைப் பாராட்டலாம். ஆந்தையின் பக்கமும் நியாயம் இருந்தது.

இனி காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வாருங்கள். கல்மண்டபத்திலிருந்து நடக்கும் தூரம். விசைப்படகுகள் வந்து சேர்ந்து, ஏலம் முடிந்து, வலை உதறும் நேரம். கரும்பருந்துகளும், வெள்ளைத் தலையும் செங்கல் நிற முதுகும் கொண்ட செம்பருந்துகளும் படகுக் கம்பங்களுக்கு நடுவே புகுந்து புறப்படுகின்றன. காரப்பொடி மீன் கொட்டிய இடத்துக்கு ஒரு கரும்பருந்து ஆள் தலைக்கு மேலே சாய்ந்து இறங்கியது. கால் மட்டும் முன்னே நீண்டது. தரையைத் தொட்டதா என்றே தெரியவில்லை, நகத்தில் ஒரு மீன். மேலே ஏறிக்கொண்டே காலை அலகுக்குக் கொண்டுவந்து, பறந்தபடியே கிழித்துத் தின்றது. அந்த நேரத்தில் கண்ணின் மேல் பால் நிறத்தில் ஒரு சவ்வு குறுக்கே ஓடி மறைந்தது. பறவைகளின் மூன்றாவது இமை அது. இரையைப் பிடிக்கும்போதும் கிழிக்கும்போதும் கண்ணுக்குக் காப்பு. படத்தில் பருந்தின் கண் புரை விழுந்தது போல வந்தால் காரணம் இதுதான்.

"இன்னா தம்பி, அத்தப் போயி போட்டோ புடிக்கிற? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மீன லவட்டிக்கினு பூடும் அது" என்றார் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா. பேசிய வாய் மூடுவதற்குள் இன்னொன்று அவர் கூடைக்கு ஒரு முழம் மேலே சாய்ந்து போயிற்று. அவர் கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

காசிமேட்டுப் பருந்தின் அச்சத் தொலைவு அவ்வளவுதான். இங்கே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். பத்து மீட்டரில் பறக்கும் பருந்தை, பதினைந்து இருபதாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 200 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால் 5,000 புள்ளி அகலம். படச்சட்டமே ஏறக்குறைய நிறைந்துவிடும். நூறு மீட்டரில் பத்து லட்ச ரூபாய் லென்ஸ் கொடுத்தது 1,500. செல்போனிலேயே 430 புள்ளி கிடைக்கும். அது புள்ளி இல்லை, பருந்து.

தொலைதூரக் காட்டுக்குப் போனால்தான் வேட்டைப் பறவையை எடுக்க முடியும் என்ற எண்ணம் பாதிப் படக்காரர்களைக் கெடுத்திருக்கிறது என்பது என் கட்சி. காட்டில் பறவை அரிது, அச்சம் நீளம், வாய்ப்பு சில நொடி. கையும் கண்ணும் பழகாதவர் அந்தச் சில நொடியைத் தவறவிடத்தான் செய்வார். பழகுவதற்கு மீன் நாற்றம் அடிக்கும் இடம்தான் சரி.

பழுப்புப் பறவை ஏன் கருப்பாகிறது

நெருங்கியாயிற்று. இருந்தும் மேலே பறக்கும் பருந்து கரிக்கட்டையாகவே வருகிறது. இது ஒளியின் வேலை.

கேமராவுக்கு முன்னால் இருப்பது வானமா, நிலக்கரியா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும், சராசரியாக அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ப வெளிச்சத்தை அளக்கும். படத்தின் பெரும்பகுதி பளிச்சென்ற வானமாக இருந்தால், 'ரொம்ப வெளிச்சம்' என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் மங்கலாக்கும். வானம் சாம்பலாகிறது. ஏற்கெனவே தன் நிழலிலேயே இருக்கும் பருந்தின் அடிப்பக்கம் கருப்பில் முழுகிவிடுகிறது.

மருந்து எளிது. கேமராவின் கணக்கை மீறி வெளிச்சத்தை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ கூட்டச் சொல்ல வேண்டும். கேமராவில் அதற்குக் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் உண்டு. செல்போனில் பறவையின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். வானம் வெளுத்துப் போகும். போகட்டும், நமக்கு வேண்டியது பருந்து. செம்பருந்துக்கு மட்டும் கவனம் வேண்டும். அதன் வெள்ளைத் தலை சீக்கிரம் வெளுத்து விவரமற்றுப் போய்விடும். கரும்பருந்துக்குக் கூட்டிய அளவில் பாதி போதும்.

கருவியைத் தொடாமலே இன்னொரு உதவி கிடைக்கும், தரையிலிருந்து. தண்ணீர், ஈரமான சிமெண்ட் தளம், வெளிறிய மணல் எல்லாம் வெயிலை மேல்நோக்கித் திருப்பி அடிக்கும். அதற்கு மேலே தாழப் பறக்கும் பறவையின் வயிறு ஒளிரும். தார்ச்சாலைக்கு மேலே பறப்பதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நொடியை ஆயிரமாக நறுக்கினால்

வேகத்துக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு, அதில் லென்ஸே வராது. தாழப் பறக்கும் பருந்து நொடிக்கு 8 மீட்டர் போகிறது என்று வைப்போம். ஷட்டர் 250-ல் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால் அதற்குள் பறவை 32 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அதன் கண்ணே அதில் பாதி அகலம்தான். ஆக, கண் முழுக்க இழுபட்டுப் போகும். 2,000-ல் ஒரு பங்கு நொடியில் நகர்வது 4 மில்லிமீட்டர். கண் பிழைத்துக்கொள்ளும்.

குளிர்காலத்தில் சென்னைப் பக்கம் வந்து உயரமான கோபுரங்களிலும் கட்டடங்களிலும் உட்காரும் பொரி வல்லூறு, இரைமேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அதற்கு 2,000-ல் ஒரு பங்கு நொடிகூட 4 சென்டிமீட்டர் இழுப்பு, தலை மொத்தமும் காலி. வல்லூறு பாயும் கணத்தின் நல்ல படங்கள் இவ்வளவு அரிதாக இருப்பது இதனால்தான்.

ஷட்டர் நேரத்தைப் பாதியாக்கினால் உள்ளே வரும் வெளிச்சமும் பாதியாகிறது என்பதால் இந்த நறுக்கலுக்கு எல்லை உண்டு. மீதியைக் கைதான் செய்ய வேண்டும். பறவை போகும் திசையில் அதே வேகத்தில் கேமராவைத் திருப்பிக்கொண்டே அமுக்கினால், கேமராவைப் பொறுத்தவரை பறவை நின்றுவிடுகிறது, பின்னணிதான் ஓடுகிறது. 2020-ஐ ஒட்டி வந்த கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பிடித்துக் கூர்மையாக்கக் கற்றுக்கொண்டன. பறவையைச் சட்டத்துக்குள் வைத்திருக்கும் வேலை இன்னமும் தோளுக்கும் இடுப்புக்கும்தான்.

ஒரு வட்டத்தில் இரண்டு தருணம்

பருந்து ஏன் வட்டமடிக்கிறது என்பது தெரிந்தால் எப்போது அமுக்குவது என்பதும் தெரிந்துவிடும்.

வெயில் ஏறியதும் தார்ச்சாலை, கிடங்குக் கூரை, சிமெண்ட் தளம் எல்லாம் சூடாகி, மேலிருக்கும் காற்றைச் சூடாக்குகின்றன. அந்தக் காற்று தூண் போல எழும்புகிறது. இந்த 'வெப்பத்தூண்' குறுகலானது. அதற்குள்ளேயே இருந்தால்தான் செலவில்லாமல் மேலே போகலாம், அதனால் பருந்து சுற்றுகிறது. விடியலில் தூண் இல்லை. அப்போது இறக்கையடித்துத் தாழப் பறக்கும், படகுகளுக்கு நடுவே நம் பக்கத்தில். முன்பகல் ஆக ஆக மேலே போய்ச் சிறுக்கும். உச்சிவேளையில் பறவை மிக உயரத்தில், வெயில் அதன் முதுகில், வயிறு இருட்டில், தரைக்காற்று கொதிப்பில். நம் நான்கு தடைகளில் மூன்று ஒரே நேரத்தில் கூடும் வேளை அது. துணி காயப்போட நாம் மாடி ஏறுவதும் அதே வேளையில்தான்.

வட்டமடிக்கும் பறவை எப்போதும் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். முதுகு வட்டத்தின் நடுவைப் பார்க்கும், வயிறு வெளியே பார்க்கும். காலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பறவை வட்டத்தில் உங்களுக்கு அருகிலுள்ள பக்கம் வரும்போது அதன் வயிறு உங்களையும் சூரியனையும் சேர்ந்தாற்போலப் பார்க்கிறது. இறக்கையின் கீழ்ப்பட்டைகள் ஒவ்வொன்றும் துலங்கும். எதிர்ப்பக்கம் போனதும், பறவை தாழ்ந்திருந்தால், வெயில் பட்ட முதுகு நம் பக்கம் திரும்பும். நடுவில் வரும் இரண்டு இடங்களிலும் கத்தி விளிம்பு மாதிரி ஒரு கோடுதான். 20 மீட்டர் ஆரத்தில் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் சுற்றும் பறவைக்கு ஒரு வட்டம் முடிய 14 நொடி ஆகும். அதில் நல்ல தருணம் இரண்டு. விடாமல் அமுக்கி ஆயிரம் படம் எடுப்பதைவிட வட்டத்தை எண்ணி அமுக்குவது மேல்.

காற்றின் திசையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. இறங்கும்போதும் எழும்பும்போதும் பறவை காற்றை எதிர்த்தே நிற்கும். காற்றும் வெயிலும் ஒரே பக்கமிருந்து வந்தால், அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பவரை நோக்கிப் பறவை முகத்தில் வெயிலோடு வரும். காசிமேட்டில் மார்கழி, தை மாதக் காலைகளில் வடகிழக்குக் காற்று எடுக்கும்போது இது அமையும். கடலுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்து நில்லுங்கள். மாலையில் வெயில் எதிர்ப்பக்கம் போய்விடும், இது அமையாது.

படம் எதற்கு

நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில், டோயாங் அணைப் பக்கம், 2012 அக்டோபரில் எடுத்த சில படங்கள் இந்தியாவில் வேட்டைப் பறவைகளைப் பற்றி வந்தவற்றிலேயே அதிகம் சாதித்தவை. சைபீரியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் அங்கே தங்கும் அமூர் வல்லூறுகளை வலை போட்டுப் பிடித்துக் கொத்துக் கொத்தாகக் கம்பில் கட்டித் தூக்கிப்போவதை, கன்சர்வேஷன் இந்தியா என்ற அமைப்பினரும் அவர்களோடு சேர்ந்த உள்ளூர்க்காரர்களும் பதிவு செய்து வெளியிட்டார்கள். ஒரு பருவத்தில் 1,20,000-க்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. அடுத்த ஆண்டே ஊர்க்காரர்கள் வலையைச் சுருட்டி வைத்தார்கள். அந்தப் படங்களுக்கு 600 லென்ஸ் தேவைப்படவில்லை. கையெட்டும் தூரம்.

காசிமேட்டில் நாம் எடுக்கும் படம் அப்படி எதையும் சாதிக்காமல் போகலாம். பரவாயில்லை, கெடுக்காமல் இருந்தால் சரி. பருந்தைத் தாழ இறக்குவதற்காகக் கோழித் தோலை வீசுகிறவர்கள் உண்டு. வேண்டாம். மனிதர்கள் தீனி போடும், குப்பை மிகுந்த பகுதிகளில் கூடு கட்டும் கரும்பருந்துகள் கூட்டருகே வருகிறவர்களை அதிகமாகத் தாக்குகின்றன என்று டெல்லியில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாதிக்கப்படப்போவது நாம் இல்லை, அந்தத் தெருக் குழந்தைகள். கூடு இருக்கும் மரத்தடிக்கும் போக வேண்டாம். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியிருக்கும் சரக்குத் துறைமுகம் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் இருப்பது. நீண்ட லென்ஸை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுப் 'பருந்து' என்று விளக்கம் சொல்வது சிரமம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாட்களைத் தவிர்த்து வேறு எந்த நாளிலும், சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் கேமராவைத் தூக்கக்கூட இடம் இருக்காது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பகுதியில் காத்தாடி விடுவது போலீஸ் தடையையும் மீறி நடக்கிறது. மாஞ்சா நூலில் சிக்கி இறக்கை அறுந்து தொங்கும் பருந்தை நீங்கள் எப்படியும் ஒருநாள் பார்ப்பீர்கள். அப்போது படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நூலைப் பிடித்து இழுக்கவும் இழுக்காதீர்கள், சதை கிழியும். தொங்கும் நூலை இரு பக்கமும் கத்தரித்துவிட்டு, கனமான துணியால் பறவையைத் தலையோடு மூடி, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், தீனி திணிக்க வேண்டாம். உடனே வனத்துறைக்கோ புளூ கிராஸுக்கோ தகவல் சொல்லுங்கள்.